ஊருக்கு ஊர் ஆங்கிலம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில், இலண்டன்காரர்கள் பேசுவது திரைப்படங்களில் கேட்பதைப் போல் ஏன் இல்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இலண்டனிலேயே பேட்டைக்கு ஒரு பேச்சு உண்டு என்று ஒரே வரியில் விடை எழுதி முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி போதாது என்று காட்பாடியிலிருந்து ஆம்பூர் வரை கடிதங்கள் வந்துள்ளன. செவிலியர்களையும் காலணிகளையும் பொறியாளர்களையும் கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருக்கும் பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து இப்படிக் கடிதங்கள் வருவதில் வியப்பில்லை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் வேலூரில் செவிலியர் படிப்பை முடித்து, ஆங்கிலத் தேர்விலும் நல்ல மதிப்பெண் பெற்று, இப்போது இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். முதல் வாரத்திலேயே தொலைபேசியில் அழுதுவிட்டாள். ஒரு மூதாட்டி ‘ஒரு பென்னி செலவழிக்க வேண்டும்’ என்றாராம். இவள் அவருடைய கைப்பையை எடுத்துக் கொடுத்தாளாம். இன்னொருவர் ‘டீ எப்போது வரும்’ என்று கேட்டதற்குத் தேநீர் கொண்டுபோய் வைத்தாளாம், அதற்கும் சிரித்தார்களாம். அவள் கற்ற ஆங்கிலத்தில் குறையா? (காட்பாடி வாசகி)

பதில்: குறை எதுவும் இல்லை, அம்மா. தேர்வுக்குப் படித்த ஆங்கிலம் ஒன்று, நோயாளியின் வாயில் இருக்கும் ஆங்கிலம் வேறு, அவ்வளவுதான். இங்கிலாந்தின் பொதுக் கழிப்பறைக் கதவுகள் ஒரு பென்னி நாணயத்தைப் போட்டால்தான் திறக்கும் என்றிருந்த காலத்தில், ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்ற தொடர் ஒன்றுக்குப் போவதைக் குறிக்கத் தொடங்கியது. நாணயம் போடும் வழக்கம் போய்விட்டது. முதியவர்களின் வாயில் தொடர் மட்டும் தங்கிவிட்டது. நம் நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்திருக்கிறது; ‘கால் கழுவி வந்தேன்’ என்பதை நாம் இன்றும் எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம். வெளிநாட்டுச் செவிலியர் ஒருவர் அதைக் கேட்டால் தண்ணீர்க் குவளையோடு வந்து நிற்கமாட்டாரா?

டீ விஷயம் இன்னும் எளிது. வட இங்கிலாந்தில் உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் நண்பகல் உணவு ‘டின்னர்’, மாலை ஐந்து ஆறு மணிக்கு உண்ணும் முழு உணவு ‘டீ’. எனவே அந்த நோயாளி பசியோடு உணவுக்காகக் காத்திருந்திருக்கிறார். உங்கள் மகள் ஒரு கோப்பைத் தேநீரோடு போயிருக்கிறார். சிரிப்பில் ஏளனம் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

உடலைப் பற்றிய பேச்சில்தான் வட்டார வழக்கு மிக அடர்த்தியாக இருக்கும். செவிலியருக்கு அதுதான் முதல் தேவையும்கூட. உடல்நலம் இல்லாதவரை ‘பூர்லி’ என்பார்கள். அதை ஏழை என்று பொருள்கொள்ளக் கூடாது. ‘வாட்டர்வொர்க்ஸில் தொல்லை’ என்றால் குடிநீர் வாரியத்தைப் பற்றிய புகார் என்று எண்ண வேண்டாம், சிறுநீர்க் கோளாறு. ‘பேக் பேசேஜ்’ என்பது கொல்லைப்புறச் சந்து அன்று, ஆசனவாய். ‘பங்டு அப்’ என்றால் மூக்கோ வயிறோ அடைத்துக்கொண்டிருக்கிறது. முழங்கால் ‘ஜிப் கொடுக்கிறது’ என்றால் வலிக்கிறது. குளிர் தாங்காதவரை ‘நெஷ்’ என்பார்கள். ஒன்றுமில்லை என்பதற்கு ‘நௌட்’, ஏதாவது என்பதற்கு ‘ஔட்’. எல்லாவற்றிலும் கவனம் தேவைப்படுவது ‘வைல்’ என்னும் சொல்: ‘நைன் வைல் ஃபைவ்’ என்று ஒரு யார்க்‌ஷயர்க்காரர் சொன்னால் ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை என்று பொருள். மருந்து நேரத்தைப் பற்றிய பேச்சில் இச்சொல் வந்தால் தயங்காமல் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒலியைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும். தெற்கே ‘பஸ்’, ‘கப்’, ‘லவ்’ என்று அகரத்தை ஒட்டி ஒலிப்பவை வடக்கே ‘புஸ்’, ‘குப்’, ‘லுவ்’ என்று உகரத்தை ஒட்டி ஒலிக்கும். இவற்றில் வடக்கத்தி உச்சரிப்பே பழையது. தெற்குதான் பிற்காலத்தில் மாறியது. இதைப் போலவே ‘பாத்’, ‘கிராஸ்’ போன்ற சொற்களில் தெற்கே கேட்கும் நெடில், வடக்கே குறிலாகிவிடும். சொல்லுக்குச் சொல் மாறுவது போல் தோன்றினாலும், மாற்றம் ஓர் ஒழுங்கில்தான் நடக்கிறது. நம் ஊரில் பழம் ‘பய’மாகவும் கிழவி ‘கியவி’யாகவும் ஆவதைக் கண்டுகொண்ட வெளியூர்க்காரருக்கு, வாழை என்னவாகும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை அல்லவா?

வேலூரிலேயே இது நாள்தோறும் நடக்கிறது. பாடநூல் தமிழ் கற்றுக்கொண்ட வெளிமாநில மருத்துவ மாணவர் ஒருவர், புறநோயாளிப் பிரிவில் ஒரு கிராமத்துப் பெண்மணி ‘மாரு நோவுது, வவுத்தால போவுது’ என்று சொல்லக் கேட்டுத் திகைத்து நிற்கிறார். ‘குந்து’ என்றால் உட்கார் என்றும், ‘வூட்டாண்ட’ என்றால் வீட்டருகில் என்றும் அவருக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். பெரும்பாலும் சொல்லித்தருபவர் அந்த வார்டின் மூத்த செவிலியராகவே இருப்பார். உங்கள் மகளும் தம் வார்டில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒரு சிறிய குறிப்பேட்டில் நாளைக்கு நான்கு சொற்களை எழுதிக்கொள்ளட்டும்.

பின்குறிப்பாக ஒன்று. நோயாளிகள் அவரை ‘லுவ்’ என்று அழைத்தால் கலவரப்பட வேண்டாம். நாம் ‘கண்ணு’ என்பதைப் போன்றதுதான். நாட்டிங்காம் பக்கம் மாற்றலானால் ‘டக்’ என்பார்கள், நியூகாசிலில் ‘பெட்’, கிளாஸ்கோவில் ‘ஹென்’. வாத்து, வளர்ப்புப் பிராணி, கோழி எல்லாமே அன்பின் பெயர்கள்.

கேள்வி: காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கொள்முதலாளர்களோடு பேசும் பொறுப்பில் இருக்கிறேன். இங்கிலாந்துக்காரர், அமெரிக்கர், ஆஸ்திரேலியர் மூவரும் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் ஒரே சொல்லுக்கு மூவரும் மூன்று பொருள் கொள்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது? (ஆம்பூர் வாசகர்)

பதில்: உங்கள் தொழிலில் சொல் தவறினால் சரக்கே தவறிவிடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ‘பம்ப்ஸ்’ என்று அமெரிக்கர் எழுதினால் பெண்கள் அணியும், மேற்புறம் திறந்த, குதிகால் உயர்ந்த காலணி. அதையே இங்கிலாந்துக்காரர் ‘கோர்ட் ஷூ’ என்பார். அவர் ‘பம்ப்ஸ்’ என்றால் தட்டையான மெல்லிய காலணியையோ, பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சிக்கு அணியும் துணிக் காலணியையோ நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்தத் துணிக் காலணிக்கே பொதுப்பெயர் ‘பிளிம்சால்’. பிரிஸ்டலிலும் தெற்கு வேல்ஸிலும் ‘டாப்ஸ்’, வட அயர்லாந்தில் ‘கட்டீஸ்’, வடகிழக்கு இங்கிலாந்தில் ‘சேண்ட்ஷூஸ்’. விளையாட்டுக் காலணி இங்கிலாந்தில் ‘டிரெய்னர்ஸ்’, அமெரிக்காவில் ‘ஸ்னீக்கர்ஸ்’, ஆஸ்திரேலியாவில் ‘ரன்னர்ஸ்’. ‘தாங்ஸ்’ என்று ஆஸ்திரேலியர் கேட்டால் கூச்சப்படாமல் ரப்பர்ச் செருப்பின் மாதிரியை எடுத்துக் காட்டுங்கள். அமெரிக்கரிடம் அச்சொல்லை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள், அங்கே அது உள்ளாடை. அதே செருப்பு நியூசிலாந்தில் ‘ஜேண்டல்ஸ்’, தென்னாப்பிரிக்காவில் ‘ஸ்லாப்ஸ்’.

தோல் பைகளிலும் இந்தத் தொல்லை உண்டு. ‘பர்ஸ்’ என்பது இங்கிலாந்தில் பெண்கள் காசு வைக்கும் சிறு பை. அமெரிக்காவில் தோளிலோ கையிலோ மாட்டும் கைப்பை முழுவதுமே ‘பர்ஸ்’தான். ஆம்பூரில் நாம் பர்ஸ் என்றால் ஆணின் சட்டைப் பைக்குள் இருப்பதும் அதில் அடங்கும்; அவர்களுக்கு அது ‘வாலட்’. ஆயத்த ஆடைப் பக்கம் போனால் ‘வெஸ்ட்’, ‘பேண்ட்ஸ்’, ‘சஸ்பெண்டர்ஸ்’ மூன்றும் கடலைத் தாண்டும்போது மேலாடையிலிருந்து உள்ளாடைக்கு மாறிவிடும். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

சரக்கின் பெயரைவிட நுட்பமானது மதிப்பீட்டுச் சொல். நீங்கள் அனுப்பிய மாதிரியை அமெரிக்கர் ‘குவைட் குட்’ என்றால் பாராட்டு. இங்கிலாந்துக்காரர் அதையே சொன்னால் பெரும்பாலும் ‘ஏதோ பரவாயில்லை, இன்னும் தேற வேண்டும்’ என்று பொருள். மாறாக அவர் ‘நாட் பேட்’ என்றால் மனநிறைவு. ஒரு திட்டத்தை ‘டேபிள்’ செய்வோம் என்று இங்கிலாந்துக்காரர் சொன்னால் இப்போதே எடுத்துப் பேசுவோம் என்று பொருள். அமெரிக்கர் சொன்னால் ஒத்திவைப்போம் என்று பொருள். தென்னாப்பிரிக்கர் ‘ஜஸ்ட் நௌ’ பணம் அனுப்புகிறேன் என்றால் வங்கிக்கு ஓட வேண்டாம். இப்போதைக்கு இல்லை, பிறகு எப்போதாவது என்பதே அவருடைய கணக்கு.

தொலைபேசியில் அமெரிக்கரிடம் மாட்டிக்கொள்ளும் இடம் ‘கேன்’, ‘கேன்ட்’ என்னும் இரண்டு சொற்கள். இறுதி டகரத்தை அவர்கள் விழுங்கிவிடுவதால் நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். வேறுபாடு அழுத்தத்தில் இருக்கிறது: முடியும் என்னும்போது சொல் தேய்ந்து ‘க்கன்’ என்று ஓடிவிடும், முடியாது என்னும்போது அழுத்தமாக, நீண்டு விழும். இங்கிலாந்தின் தெற்கத்தியர் ‘கான்ட்’ என்று நெடிலாகச் சொல்வதால் அவரிடம் இந்தக் குழப்பமில்லை. எப்படியிருந்தாலும் பேசி முடித்த அன்றே, படத்தோடும் அளவோடும் மின்னஞ்சலில் எழுதி உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேதியையும் எண்ணால் எழுதாமல் மாதத்தின் பெயரால் எழுதுங்கள்; 03/04 என்பது இலண்டனில் ஏப்ரல் 3, நியூயார்க்கில் மார்ச் 4.

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு வந்தவர், ‘ர்’ ஒலியை நாக்கைச் சுருட்டி அமெரிக்கர்போல் ஒலித்தால்தான் மதிப்பு என்கிறார். என் தாத்தாவோ பிபிசி உச்சரிப்புதான் உயர்ந்தது என்கிறார். எது சரியான ஆங்கிலம்? (வேலூர் மாணவர்)

பதில்: உங்கள் பயிற்றுநரையும் தாத்தாவையும் எதிரெதிரே உட்கார வைத்தால் சுவையாக இருக்கும், ஏனென்றால் இருவரும் ஒரே ஒலியைப் பற்றி நேர்மாறாகப் பேசுகிறார்கள்.

‘கார்’, ‘ஃபோர்த்’ போன்ற சொற்களில் உயிரொலிக்குப் பின் வரும் ரகரத்தை ஒருகாலத்தில் ஆங்கிலேயர் எல்லோரும் ஒலித்தார்கள். இலண்டனில் அது மெல்லத் தேய்ந்து, 18ஆம் நூற்றாண்டின் இறுதி வாக்கில் நாகரிகப் பேச்சிலும் மறையத் தொடங்கியது. அதற்கு முன்பே கடல் கடந்து குடியேறியவர்கள் அமெரிக்காவுக்கு ரகரத்தை எடுத்துச் சென்றிருந்தார்கள். ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையும் அதை விடவே இல்லை. ஆனால் இலண்டனோடு வாணிகத் தொடர்பு வைத்திருந்த பாஸ்டன், நியூயார்க் போன்ற துறைமுக நகரங்கள் இலண்டனைப் பார்த்து ரகரத்தை விட்டன. அப்போது அதுதான் பெரிய மனிதர்களின் பேச்சு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் காற்று திசை மாறியது. ரகரத்தை விடுவது நியூயார்க்கில் கீழ்த்தட்டுப் பேச்சாகிவிட்டது.

இந்த மாற்றத்தை வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962இல் மிக எளிய வழியில் அளந்து காட்டினார். நியூயார்க்கில் செல்வர்கள் போகும் சாக்ஸ், நடுத்தரத்தினர் போகும் மேசிஸ், மலிவு விலைக் கடையான கிளைன் ஆகிய மூன்று பல்பொருள் அங்காடிகளுக்கும் போய், நான்காம் தளத்தில் என்ன விற்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஊழியர்களிடம் கேட்டார். ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்று விடை வந்தே தீர வேண்டும். அதில் இரண்டு ரகரங்கள். காதில் விழாதவர்போல் மறுபடியும் கேட்டு, இரண்டாம் முறை எவ்வளவு அக்கறையாக ஒலிக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொண்டார். சாக்ஸில் பத்துக்கு ஆறு பேராவது ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தார்கள். கிளைனில் பத்துக்கு இரண்டு பேர்தான். விலை ஏற ஏற ரகரமும் ஏறியது. இங்கிலாந்தில் ரகரத்தை விடாத தென்மேற்குப் பக்கத்து ஊர் ஒன்றில் இதே கணக்கை எடுத்திருந்தால், விலை ஏற ஏற ரகரம் குறைந்திருக்கும். ஒலி ஒன்றேதான், அதன்மேல் ஏற்றப்பட்ட மதிப்புதான் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றாகவும் அந்தப் பக்கம் வேறாகவும் இருக்கிறது.

தாத்தா போற்றும் பிபிசி உச்சரிப்பு, இங்கிலாந்தின் உயர்தரத் தனியார் பள்ளிகளில் வளர்ந்தது. அதைத் தம் இயல்பான பேச்சாகக் கொண்டவர்கள் அந்நாட்டிலேயே மிகச் சிறுபான்மையினர். மொழியியலாளர் பீட்டர் டிரட்கில் 1970களில் சொன்ன மதிப்பீடு ஏறத்தாழ 3 விழுக்காடு. போர்க்காலமான 1941இல் வில்ஃபிரட் பிக்கிள்ஸ் என்ற யார்க்‌ஷயர்க்காரரைச் செய்தி வாசிக்க வைத்தது பிபிசி. இலண்டன் அறிவிப்பாளர்களைப்போலப் பேசி ஜெர்மானியர் போலிச் செய்தி பரப்புவது கடினமாகட்டும் என்பதும் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டது. அவர் வடக்கத்தி நேயர்களுக்கு ‘குட் நீட்’ என்று விடைபெற்றதும், செய்தியின் நம்பகத்தன்மையே போய்விட்டதாகச் சிலர் புகார் எழுதினார்கள். இந்தப் புகாரை எழுதியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வந்து, மாணவர்கள் ‘இன்னா சார்’ என்றதும் முகம் சுளித்த ஒரு தமிழாசிரியர் நினைவுக்கு வருகிறார். ஓராண்டு கழித்து அவரே ‘இன்னாப்பா’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்வது: நாக்கைச் சுருட்டுவதில் செலவிடும் நேரத்தைக் காதைப் பழக்குவதில் செலவிடுங்கள். ‘வாட்டர்’ என்பதை அமெரிக்கர் ‘வாடர்’ என்று மெல்லொலியாகத் தட்டிச் செல்வார். இலண்டன் தெருப் பேச்சில் நடுவிலுள்ள டகரம் தொண்டைக்குள் அடைபட்டு ‘வா-அ’ என்று நிற்கும். ‘ட்வென்டி’ அமெரிக்காவில் ‘ட்வெனி’. ‘த்ரீ’ இலண்டன் கிழக்கில் ‘ஃப்ரீ’, டப்ளினில் பலர் வாயில் ‘ட்ரீ’. நேர்காணலில் உங்களைக் கேள்வி கேட்பவர் எந்த ஊர்க்காரர் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது.

கேள்வி: தமிழர் ஆங்கிலம் பேசும்போது நிகழும் தவறுகளில் எதை முதலில் திருத்த வேண்டும்? என் மாணவர்கள் ‘பஸ்ஸு’ என்கிறார்கள், ‘இஸ்கூல்’ என்கிறார்கள். (குடியாத்தம் ஆசிரியை)

பதில்: ‘பஸ்ஸு’வையும் ‘இஸ்கூ’லையும் கண்டு பதற வேண்டாம், கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகிறது. தமிழ்ச் சொல் வல்லினத்தில் முடியாது என்பதால் உகரம் சேர்கிறது. சொல்லின் முதலில் மெய்யொலிக் கூட்டம் வராது என்பதால் இகரம் முன்னால் ஒட்டுகிறது. இரண்டும் நம் இலக்கணத்தின் வேலை.

கேட்பவரைத் தடுமாற வைப்பவை வேறு. முதலாவது, சொல்லுக்குள் இருக்கும் அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே எடையில் சொல்லிப் போகலாம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேயும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை ஓங்குகிறது. ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றதும் ஓங்கல் இரண்டாம் அசைக்குத் தாவிவிடுகிறது. ‘டெவலப்’, ‘கமிட்டி’, ‘ஹோட்டல்’ ஆகியவற்றில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம்; அவர்கள் காது இரண்டாம் அசையில் அழுத்தத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. எதிர்பார்த்த இடத்தில் அழுத்தம் விழாவிட்டால், ஒவ்வோர் ஒலியும் சரியாக இருந்தாலும் சொல் பிடிபடாது.

இரண்டாவது, சொல்லின் முதலில் வரும் ப, ட, க ஆகிய ஒலிகள். ஆங்கிலேயர் இவற்றை மூச்சுக் காற்றோடு வெடித்து ஒலிப்பார்கள். நாம் மூச்சில்லாமல் ஒலிப்பதால் ‘பின்’ என்று நாம் சொல்லும் குண்டூசி அவர்களுக்குக் குப்பைத் தொட்டியாகவும், ‘கோட்’ என்ற மேலாடை ஆடாகவும் கேட்கலாம். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அது அசையும்படி சொல்லிப் பழகச் செய்யுங்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டாகவும் இருக்கும். மூன்றாவது, உதட்டைக் குவித்துச் சொல்லும் வகரத்தையும் பல்லால் உதட்டைத் தொட்டுச் சொல்லும் வகரத்தையும் நாம் ஒன்றாக்கிவிடுவது. ‘வெஸ்ட்’ என்றால் மேற்கா, உள்சட்டையா என்று அவர்கள் விழிப்பது இதனால்தான்.

‘தேங்க் யூ’வில் நாம் போடும் பல்லொலித் தகரத்தை விட்டுவிடுங்கள். அயர்லாந்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

கேள்வி: ‘பிரிபோன்’ என்பது தவறான ஆங்கிலமா? (ஆரணி வாசகர்)

பதில்: இந்திய ஆங்கிலத்தின் சொல். ஒத்திவைப்பதற்குச் சொல் இருக்கும்போது முன்தள்ளி வைப்பதற்கும் ஒரு சொல் வேண்டும் என்று உண்டாக்கிக்கொண்டோம். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இடம்பெற்றிருக்கிறது. சென்னைக்குத் தயங்காமல் எழுதலாம். சிகாகோவுக்கு எழுதும்போது மட்டும் கூட்டத்தை முன்கூட்டியே நடத்துகிறோம் என்று விளக்கமாக எழுதிவிடுங்கள். ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ என்பதற்கும் இதே அறிவுரை. ஊரில் இல்லை என்று நாம் சொல்ல, இரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறோம் என்று அவர்கள் எண்ணக்கூடும்.

கேள்வி: கொங்குத் தமிழரும் நெல்லைத் தமிழரும் நம் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதுபோல், ஆங்கிலேயரும் தமக்குள் புரியாமல் திண்டாடியது உண்டா? (இராணிப்பேட்டை வாசகர்)

பதில்: திண்டாடியது மட்டுமா, சண்டையே போட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் முதன்முதல் அச்சகம் வைத்த வில்லியம் கேக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில் இப்படிச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கப்பலில் புறப்பட்ட சில வணிகர்கள், காற்று இல்லாததால் வழியில் கரையிறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டுக்குப் போய் உண்ணக் கொஞ்சம் ‘எக்ஸ்’, அதாவது முட்டை, கிடைக்குமா என்று கேட்டார். வீட்டுக்காரி தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள். தனக்கும் பிரெஞ்சு தெரியாதே, ஆங்கிலத்தில்தானே கேட்டேன் என்று வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது. உடனிருந்த மற்றொருவர் ‘எய்ரன்’ வேண்டும் என்றதும் அவளுக்கு விளங்கியது. ‘எய்ரன்’ தெற்கே வழங்கிய பழைய ஆங்கிலச் சொல், ‘எக்ஸ்’ வடக்கே ஸ்காண்டிநேவியர் கொண்டுவந்த சொல். கடைசியில் நாடெங்கும் நிலைத்தது முதல் வணிகர் கேட்டதுதான்.

இந்த வட்டார வழக்குகளைத் தொகுத்தவர்களுள் ஜோசப் ரைட் என்பவரை எனக்கு மிகவும் பிடிக்கும். யார்க்‌ஷயரில் ஏழைக் குடும்பத்தில் 1855இல் பிறந்து, சிறுவனாக ஆலையில் வேலை செய்து, பதினைந்து வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரான அவர், 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளில் ஆங்கில வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டார். பிறகு 1950களில் லீட்ஸ் பல்கலைக்கழகம் 313 ஊர்களுக்கு ஆள் அனுப்பி, பெரும்பாலும் கிராமத்து முதியவர்களிடம் கேட்டு எழுதியது. வட ஆற்காட்டுக்கு அப்படி ஒரு தொகுப்பு வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. ‘அந்தாண்ட’, ‘இந்தாண்ட’ என்று சொல்லும் நம் பெரியவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: வேலூர்க் கோட்டையில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் நம் சொற்களைத் தங்கள் கொச்சைப் பேச்சில் எடுத்துக்கொண்டார்களா? (சத்துவாச்சாரி வாசகர்)

பதில்: கோட்டையில் இருந்தவர்களை ஆங்கிலேயர் என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். 1806 ஜூலை 10 அன்று புரட்சி வெடித்தபோது கோட்டைக்குள் இருந்தது 69ஆம் காலாட்படை. அதற்கு, கிழக்கு இங்கிலாந்தில் உள்ள ஒரு வட்டாரத்தின் பெயரால், தெற்கு லிங்கன்‌ஷயர் என்று பட்டப்பெயர். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்து புரட்சியை ஒடுக்கிய கில்லெஸ்பி, அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்தவர்.

இந்தியாவெங்கும் இருந்த இத்தகைய படையினரின் பேச்சு வழியாகச் சென்ற சொற்கள் பல இன்றும் இங்கிலாந்தில் வாழ்கின்றன. ‘டெக்கோ’ என்றால் ஒரு பார்வை. ‘பார்’ என்று பொருள்படும் இந்திச் சொல்லான ‘தேக்கோ’ என்பதன் மரூஉ. சுகமான வேலையை ‘குஷி’ என்கிறார்கள்; அது நம் ‘குஷி’யிலிருந்து போனது என்பது பரவலான விளக்கம். முதல் உலகப் போரில் சிப்பாய்கள் தாய்நாட்டை ஏக்கத்தோடு ‘பிளைட்டி’ என்றார்கள். அது நம் ஊர் உருதுக்காரர்களும் அறிந்த, அயல்நாட்டு என்று பொருள்படும் ‘விலாயத்தி’. தமிழிலிருந்து நேராகப் போனவை சுருட்டும் கட்டுமரமும் மிளகுத்தண்ணீரும். இவற்றையெல்லாம் தொகுத்த 1886ஆம் ஆண்டு அகராதிக்கு ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்று பெயர்; அதன் ஆசிரியர் இருவருள் பர்னெல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். மொகரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹசன், யா ஹுசைன்’ என்ற முழக்கம் ஆங்கிலச் சிப்பாயின் வாயில் அப்படித் திரிந்ததையே தலைப்பாக வைத்தார்கள். நம் பிள்ளைகளின் ‘இஸ்கூ’லைக் கேட்டுச் சிரிக்கும் துரைமார் யாராவது உங்களுக்கு எதிர்ப்பட்டால் இதைச் சொல்லலாம்.

கேள்வி: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறேன். ஆறு வயதுப் பேரன் பேசும் ஆங்கிலம் காணொளி அழைப்பில் எனக்குச் சிறிதும் விளங்கவில்லை. அன்றைக்குப் பள்ளிக்குப் ‘பீஸ்’ வேண்டும் என்றான். பிரியாணியில் உள்ள பீஸா என்று கேட்டுவிட்டேன். போவதற்குள் எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா? (பேரணாம்பட்டு வாசகி)

பதில்: அங்கே ‘பீஸ்’ என்பது இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே எதையாவது வைத்துக் கொடுப்பது. ‘வீ’ என்றால் சிறிய. எதற்கும் முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். ‘ஐ’ என்றால் ஆமாம். குழந்தை ‘வெய்ன்’. மருமகள் ‘மெசேஜஸ்’ வாங்கப் போகிறேன் என்றால் கைப்பேசியைத் தேட வேண்டாம், மளிகைச் சாமான் வாங்கக் கடைக்குப் புறப்படுகிறார். காய்ச்சலுக்குப் போடும் ஊசி இங்கிலாந்தில் ‘ஜாப்’, அமெரிக்காவில் ‘ஷாட்’, உங்கள் பேரனுக்கு ‘ஜாக்’. ‘ஹௌ’ என்று அவன் கேட்டால் எப்படி என்று விளக்க வேண்டாம். பல நேரங்களில் ஏன் என்றுதான் கேட்கிறான்.

ஒலியில் உங்களுக்குச் சாதகம் இருக்கிறது. ஸ்காட்லாந்தியர் ரகரத்தை விழுங்குவதில்லை. ‘கார்’, ‘கேர்ள்’ என்பவற்றை நாம் எழுத்தைப் பார்த்துச் சொல்வதைப் போலவே ரகரம் கேட்கச் சொல்வார்கள். ஏரிக்கு அவர்கள் சொல்லும் ‘லாக்’ என்ற சொல்லின் இறுதியில், தொண்டையில் உரசி வரும் ஒலி ஒன்று இருக்கிறது. அது இலண்டன்காரர்களுக்கே வராது, வெறும் ககரமாக்கிவிடுவார்கள். உங்கள் ஊரில் உருது பேசுகிறவர்கள் ‘கபர்’ என்னும்போது முதலெழுத்தில் வருவது அதே ஒலிதான். பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிக்கொண்டு போங்கள். ஏரிக்கரைக்கு அழைத்துப் போகச் சொல்லிப் பேரனிடம் அந்தச் சொல்லிலேயே கேளுங்கள்.